நிலம் தாழ்ந்தது யாரால்?

மண்வெட்டி கொண்டு தன்னை வெட்டுகிறவனையும் விழாமல் சுமப்பது நிலம். ஆதலால் பொறுமைக்கு உவமை சொல்ல வேண்டுமானால் நிலத்தைச் சொல்வதே நம்மவர் மரபாய் இருந்து வருகிறது. அந்தப் பொறுமைக்கு எல்லை உண்டா, எல்லை கடந்தால் நிலம் என்ன செய்யும், அப்பொழுது பழி யாரைச் சாரும் என்ற கேள்விகளை நம்மில் பெரும்பாலோர் கேட்பதில்லை. சென்ற நூறாண்டுகளில் உலகம் அக்கேள்விகளை வேறு வழியின்றிக் கேட்க நேர்ந்தது. அவ்வரலாற்றைச் சுருக்கமாக எடுத்துரைப்பதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

நான் ஒரு தோட்டத்துக் கிராணி. புஞ்சாக் ஆலாமின் மேட்டுநிலத்தை விட்டு மேற்கே கடலை நோக்கிச் சென்றால் தரை தாழ்ந்து சமநிலமாகும். அங்கே பல இடங்களில் இருப்பது மலாய்க்காரர் 'காம்புட்' என்றழைக்கும் கருஞ்சேற்று நிலம். பல்லாயிரம் ஆண்டுகளாக விழுந்த மரமும் இலையும் முழுதும் மக்காமல் நீரில் ஊறிக் கிடப்பதே அம்மண். வாய்க்கால் வெட்டி நீரை வடித்த பின்னரே அதில் செம்பனை நிற்கும். அத்தகைய இடத்திலுள்ள பழைய குடியிருப்பு ஒன்றின் வாசற்படிகளை ஒருநாள் எண்ணிப் பார்த்தேன். கட்டியபோது இரண்டு படிகள், இன்று நான்கு. வீடு உயரவில்லை. அடியிலுள்ள கெட்டிக் களிமண் வரை இறக்கிய கட்டைகளின்மேல் அது நின்ற இடத்திலேயே நிற்கிறது. சுற்றியுள்ள நிலந்தான் தாழ்ந்தது.

அவ்வீட்டு மூதாட்டியிடம் காரணம் கேட்டேன். "அம்மன் திருவிழா இரண்டு வருஷம் நின்று போச்சு, கிராணி ஐயா. ஆத்தாளுக்குக் கோபம்" என்றார். மேலிடத்தார் ஒருவரைக் கேட்டேன். "அது இயற்கை" என்றார். இருவர் விடையும் வேறு வேறு போலத் தோன்றும். சற்றே சிந்தித்தால் இரண்டும் ஒன்றே என்பது விளங்கும். வாய்க்காலை வெட்டியது மனிதன் என்பதை இரண்டும் சொல்லவில்லை. அம்மூதாட்டி அறியாமையால் சொன்னார். அவரை நான் குறை கூறேன். மற்றவர் கல்வி கற்றவர்.

உண்மை யாதெனில், நீரை வடித்தால் கருஞ்சேற்று நிலம் முதலில் அமுங்குகிறது; பின்னர் காற்றுப் பட்ட மேற்பகுதி மக்கிக் கரைந்து போகிறது. முதற் சில ஆண்டுகளில் ஒரு மீட்டர் அளவும், அதன்பின் ஆண்டுதோறும் இரண்டு முதல் ஐந்து சென்டிமீட்டர் வரையும் அது தாழக்கூடும். இது அம்மன் செயலுமன்று. வெறும் இயற்கையின் செயலுமன்று. நாம் எடுத்ததற்கு நிலம் கொடுத்த விடை.

பூமியின் அசைவுக்குத் தெய்வத்தைக் காரணமாக்குவது பாமரரின் வழக்கம் மட்டுமன்று. 1934-ஆம் ஆண்டு சனவரி 15-ஆம் நாள் பீகாரில் பெரும் பூகம்பம் நிகழ்ந்து பல்லாயிரவர் மாண்டபோது, தீண்டாமை என்னும் பாவத்துக்குக் கடவுள் அளித்த தண்டனை அது என்று காந்தியடிகள் கூறினார். தீண்டாமை ஒழிய வேண்டும் என்பதில் அவரோடு ஒன்றிய இரவீந்திரநாத தாகூரே, இயற்கை நிகழ்ச்சிக்கு இவ்வாறு காரணம் கற்பிப்பது பகுத்தறிவுக்கு ஒவ்வாது என்று வெளிப்படையாக மறுத்தார். பீகார் பூகம்பம் மனிதன் விளைவித்ததன்று. அது பெருமலைகளின் அடியில் இயல்பாக நிகழ்ந்தது. ஆனால் மனிதனே விளைவித்த அசைவுகளும் உண்டு. இரண்டையும் பிரித்தறிய ஓர் அளவுகோல் வேண்டியிருந்தது. அதைத் தந்த சாத்திரமே ஆங்கிலத்தில் 'ஜியோமெக்கானிக்ஸ்' எனப்படுவது. நிலமும் பாறையும் பாரத்தை எவ்வாறு தாங்குகின்றன, எப்பொழுது தளர்கின்றன என்று ஆராய்வதால் அதை நாம் 'நில விசையியல்' என்று வழங்கலாம்.

இச்சாத்திரத்துக்கு அடிக்கல் நாட்டியவர்களுள் முதன்மையானவர் ஆஸ்திரிய நாட்டுப் பொறியாளர் கார்ல் டெர்சாகி. முதல் உலகப் போருக்குப் பின் இஸ்தான்புல் நகரிலிருந்த ராபர்ட் கல்லூரியில் ஆசிரியராயிருந்த அவர், பெருஞ்செலவில் கருவிகள் வாங்க வழியின்றி, கைக்குக் கிடைத்த எளிய பொருள்களைக் கொண்டே களிமண்ணை அமுக்கி அமுக்கிச் சோதித்தார். அவர் கண்ட உண்மை 1925-இல் நூலாக வெளிவந்தது. அதை நம் தோட்டத்து உவமையால் விளக்குவோம். ஒரு கனத்த கட்டையை இருவர் தோளில் சுமந்து செல்கின்றனர். ஒருவன் மெல்ல விலகிக் கொண்டால் கட்டையின் எடை குறைவதில்லை. மற்றவன் தோள் அமுங்குகிறது. மண்ணிலும் பாறையிலும் மேலுள்ள பாரத்தை மண்துகள்களும், அவற்றின் இடுக்குகளில் அடைபட்ட நீரும் சேர்ந்தே சுமக்கின்றன. நீரை வெளியே எடுத்தால் அதன் பங்கும் துகள்களின்மேல் ஏறுகிறது. துகள்கள் நெருங்குகின்றன, நிலம் தாழ்கிறது. இடுக்கிலிருப்பது நீராயினும், எண்ணெயாயினும், வாயுவாயினும் கணக்கு ஒன்றே.

இக்கணக்கை உலகம் அறிந்துகொண்டிருந்த அதே ஆண்டுகளில், அமெரிக்காவின் டெக்சாஸ் மாகாணத்திலே ஒரு விந்தையான வழக்கு நடந்தது. அங்கே கூஸ் கிரீக் என்னும் கடலோர எண்ணெய் வயலில் 1917 முதல் மிகுதியாக எண்ணெய் இறைத்தனர். சில ஆண்டுகளுக்குள் நிலம் மூன்றடிக்கு மேல் தாழ்ந்தது. தரையில் பிளவுகள் தோன்றின. சிறு நடுக்கங்களும் உண்டாயின. ஒரு நிலமுனை கடலுக்குள் மறைந்தது. உடனே மாகாண சர்க்கார், "கடலுக்கு அடியிலுள்ள நிலம் சர்க்காருக்கே சொந்தம்; ஆதலால் அங்கே எடுக்கும் எண்ணெயும் எமதே" என்று வழக்குத் தொடுத்தது. எண்ணெய் எடுத்தவர்கள் என்ன சொன்னார்கள்? "இது இயற்கையாய் நிகழ்ந்ததன்று, யாம் எண்ணெயும் நீரும் மணலும் இறைத்ததாலேயே நிலம் தாழ்ந்தது. மனிதர் செயலால் மூழ்கிய நிலத்தில் எம் உரிமை போகாது" என்று வாதாடினார்கள். நீதிமன்றமும் அதை ஏற்றுக்கொண்டது. 1926-இல் பிராட், ஜான்சன் என்னும் இரு நிலநூலார் அந்நிகழ்ச்சியை ஆராய்ந்து கட்டுரையாக வெளியிட்டனர்.

வாசகர்கள் இதை நன்கு மனத்திற் கொள்ள வேண்டுகிறேன். "நிலம் எம்மால் தாழ்ந்தது" என்று எண்ணெய் எடுப்போர் தாமே முன்வந்து மெய்ப்பித்த காலம் ஒன்று இருந்தது. அவ்வாறு ஒப்புக்கொள்வதால் அவர்களுக்குச் சொத்து கிடைப்பதாயிருந்தது. பிற்காலத்தில் ஒப்புக்கொண்டால் நட்டஈடு கொடுக்க வேண்டும் என்ற நிலை வந்தபோது, அதே உண்மையை மெய்ப்பிக்க ஏழைக் குடியானவன் பல்லாண்டுகள் போராட வேண்டியதாயிற்று. விஞ்ஞானம் மாறவில்லை, இலாபம் இருக்கும் பக்கம் மாறிற்று.

கலிபோர்னியாவில் லாங் பீச் துறைமுகத்தின் அடியிலுள்ள வில்மிங்டன் எண்ணெய் வயலின் கதை இன்னும் பெரியது. 1930-களின் பிற்பகுதியில் அங்கே முழு வேகத்தில் எண்ணெய் எடுக்கத் தொடங்கினர். 1960-களின் நடுவில் கிண்ணத்தின் அடியைப்போல் குழிந்துவிட்ட அவ்விடத்தின் மையம் ஒன்பது மீட்டர் அளவு தாழ்ந்திருந்தது. மூன்று மாடி உயரம் என்று கொள்ளலாம். கப்பல் தளங்களும் பாலங்களும் சிதைந்தன. கடல் உள்ளே வராமல் காக்கக் கரைகள் எழுப்பினர். இறுதியில் 1958-இல் அம்மாகாணம் தனிச் சட்டம் இயற்றி, எண்ணெய் எடுத்த இடத்தில் நீரை உட்செலுத்துமாறு செய்தது. நிலம் தாழ்வது நின்றது. ஆனால் தாழ்ந்த நிலம் பழைய உயரத்துக்கு மீளவில்லை. நெருங்கிவிட்ட துகள்கள் நாம் அழைத்தவுடன் விலகிக் கொள்வதில்லை. நில விசையியல் கற்பிக்கும் பாடங்களில் இது மிகக் கடினமானது: காலத்தோடு தடுக்கலாம், காலங்கடந்தபின் திருத்த முடியாது.

நிற்க. எடுப்பதால் தாழ்வு வருமென்றால், செலுத்துவதால் கேடு இல்லையா? உண்டு. கனத்த பெட்டியை ஒருவன் தரையில் இழுக்க முடியாமல் தவிக்கும்போது, மற்றொருவன் அதைச் சற்றே தூக்கிக் கொடுத்தால் பெட்டி நகர்ந்துவிடும். பூமிக்குள் பழைய பிளவுகள் ஒன்றன்மேல் ஒன்று அழுந்தி, நகர முடியாமல் நிற்கின்றன. அப்பிளவில் நீரின் அழுத்தம் ஏறினால் அது பாறையைச் சற்றே தூக்கிக் கொடுக்கிறது, பாறை வழுக்குகிறது, பூமி நடுங்குகிறது. ஹப்பர்ட், ரூபி என்னும் இருவர் 1959-இல் இக்கருத்தை விளக்கியிருந்தனர். மூன்றாண்டுகளுக்குள் அமெரிக்க இராணுவமே அறியாமல் அதை மெய்ப்பித்தது. டென்வர் நகருக்கு அருகே இரசாயன ஆயுதச் சாலையின் கழிவு நீரை ஏறத்தாழ 3,670 மீட்டர் ஆழமுள்ள கிணற்றில் 1962-ஆம் ஆண்டு மார்ச்சு மாதம் முதல் செலுத்தினர். அடுத்த மாதமே நடுக்கங்கள் தொடங்கின. டேவிட் எவன்ஸ் என்னும் நிலநூலார், செலுத்திய நீரின் அளவையும் நடுக்கங்களின் எண்ணிக்கையையும் ஒப்பிட்டு, இரண்டும் சேர்ந்தே ஏறி இறங்குவதை 1965-இல் எடுத்துக் காட்டினார். 1966-இல் செலுத்துவதை நிறுத்தினர். ஆயினும் மிகப் பெரிய நடுக்கங்கள் அடுத்த ஆண்டிலேதான் வந்தன. உள்ளே சென்ற நீர் தன் வழியே பரவிக் கொண்டிருந்தது. பின்னர் அதே கொலராடோ மாகாணத்து ரேஞ்ச்லி எண்ணெய் வயலில் விஞ்ஞானிகள் வேண்டுமென்றே நீரின் அழுத்தத்தை ஏற்றியும் இறக்கியும் பார்த்தனர். நடுக்கங்களும் அதற்கேற்ப ஏறி இறங்கின. ஐயம் ஒழிந்தது.

ஐயம் ஒழிந்த பின்னரும் நியாயம் உடனே கிடைத்துவிட்டதா? ஹாலந்து தேசத்தின் குரோனிங்கன் வட்டாரம் இதற்கு விடை சொல்கிறது. 1959-இல் அங்கே ஐரோப்பாவின் மிகப் பெரிய வாயு வயல்களுள் ஒன்று கண்டுபிடிக்கப்பட்டது. 1963 முதல் வாயு எடுத்தனர். 1986-இல் அவ்வட்டாரத்துக்குத் தெற்கே, சிறு வாயு வயல்கள் உள்ள ஆசன் நகரருகே பூமி நடுங்கியது. மேயிண்ட் வான் டெர் ஸ்லைஸ் என்னும் புவியியலார் ஒருவர், வாயு எடுப்பதே நடுக்கத்துக்குக் காரணம் என்றார். அவரை எள்ளி நகையாடினர். 1993-இல் அதிகாரபூர்வமான ஆராய்ச்சியே அவர் கூற்று மெய்யென்று ஒப்புக்கொண்டது. ஆயினும் வாயு எடுப்பது தொடர்ந்தது. 2012 ஆகஸ்டு 16-ஆம் நாள் ஹுய்சிங்க என்னும் சிற்றூரில் 3.6 அளவுள்ள நடுக்கம் வந்தது. எண் சிறிதுதான். ஆனால் ஆழம் குறைவானதாலும், மேலே இருந்தவை பழைய செங்கல் வீடுகளானதாலும் ஆயிரக்கணக்கான சுவர்கள் விரிந்தன. அத்தனைக்கும் பிறகும் அடுத்த ஆண்டில் வாயு குறைவாக எடுக்கப்படவில்லை, மிகுதியாகவே எடுக்கப்பட்டது.

சுவரில் விரிசல் விட்ட குடியானவன், "இது வாயு எடுத்ததால் வந்தது" என்று தானே மெய்ப்பிக்க வேண்டியிருந்தது. அவனிடம் கருவி இல்லை, நிபுணர் இல்லை, நிலத்தடிப் படம் இல்லை. எல்லாம் கம்பெனியிடமே இருந்தன. நீண்ட போராட்டத்துக்குப் பின், அவ்வட்டாரத்து விரிசல்களுக்கு வாயு எடுப்பே காரணம் என்று முதலில் கொள்ள வேண்டும், அன்று என்பவரே அதை மெய்ப்பிக்க வேண்டும் என்று 2016-ஆம் ஆண்டின் இறுதியில் சட்டம் திருத்தப்பட்டது. அந்த வாயுவால் அரசுக்குக் கிடைத்த வருமானம் ஏறத்தாழ 363 பில்லியன் யூரோ. குரோனிங்கன் மக்களின் நலன் தொடர்ந்து புறக்கணிக்கப்பட்டது என்று 2023 பிப்ரவரியில் பாராளுமன்ற விசாரணைக் குழு தீர்ப்புரைத்தது. அவ்வாண்டு அக்டோபர் முதல் நாள் வாயு எடுப்பது நிறுத்தப்பட்டது. நகையாடப்பட்ட அறிஞர் அதைக் காண உயிரோடு இல்லை.

பூமியின் உள்வெப்பத்தால் மின்சாரம் எடுக்கும் முறை புகையில்லாதது, வரவேற்கத்தக்கது. ஆயினும் அதுவும் இக்கணக்குக்கு விலக்கன்று. தென் கொரியாவின் போகாங் நகரருகே நான்கு கிலோமீட்டருக்கு மேல் ஆழமுள்ள இரு கிணறுகள் தோண்டி, சூடான பாறையில் நீரைப் பேரழுத்தத்தோடு செலுத்தினர். 2017 நவம்பர் 15-ஆம் நாள் 5.4 அளவுள்ள பூகம்பம் நகரைக் குலுக்கியது. நூற்றுக்கு மேற்பட்டோர் காயமுற்றனர். மறுநாள் நடைபெறவிருந்த தேசியத் தேர்வு நாடு முழுவதும் ஒரு வாரம் தள்ளிவைக்கப்பட்டது. அந்நீர் செலுத்தியதே பூகம்பத்தைத் தூண்டியது என்று 2019 மார்ச்சில் அரசு அமைத்த ஆராய்ச்சிக் குழு அறிவித்தது. நல்ல நோக்கத்தோடு செய்த வேலையாயினும் நிலத்தைக் கேளாமல் செய்தால் நிலம் பொறுப்பதில்லை.

இனி நம்மவர் நாட்டுக்கு வருவோம். காவிரிப் படுகையின் மண்ணடியில் எண்ணெயும் வாயுவும் உண்டு. நரிமணம் முதலிய இடங்களில் நெடுங்காலமாக எடுத்து வருகின்றனர். 2010-இல் மன்னார்குடி வட்டாரத்தில் நிலக்கரிப் படலத்திலுள்ள மீத்தேன் வாயுவை எடுக்க ஒரு கம்பெனிக்கு மத்திய சர்க்கார் உரிமை அளித்தது. நிலக்கரியிலிருந்து மீத்தேன் வெளிவர வேண்டுமானால் அப்படலத்திலுள்ள நீரை இறைத்து அழுத்தத்தைக் குறைத்தாக வேண்டும். டெர்சாகியின் கணக்கை நினைவிற் கொண்டவர்க்கு இதன் பொருள் விளங்கும். இயற்கை வேளாண் அறிஞர் நம்மாழ்வார் முதுமையிலும் ஊர் ஊராகச் சென்று இதை எதிர்த்துப் பேசினார். அப்பயணத்தின் நடுவிலேயே 2013 டிசம்பர் 30-ஆம் நாள் பட்டுக்கோட்டை அருகே உயிர் நீத்தார். 2017-இல் புதுக்கோட்டை மாவட்டத்து நெடுவாசலில் உழவரும் மாணவரும் கூடி ஹைட்ரோகார்பன் திட்டத்தை எதிர்த்தனர். 2020-இல் காவிரிப் படுகையைப் பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டலமாக்கித் தமிழக அரசு சட்டம் இயற்றியது.

அத்திட்டம் நடந்திருந்தால் தஞ்சை நிலம் இத்தனை அடி தாழ்ந்திருக்கும் என்று நான் சொல்ல வரவில்லை. அது பாறையின் தன்மையையும் படலத்தின் ஆழத்தையும் பொறுத்தது; அளந்து பார்த்தே சொல்ல வேண்டும். ஆனால் வாய்க்கால் நீர் ஓர் அடி சரிவை நம்பி ஓடும் சமவெளியிலே, அந்த ஓர் அடி மாறினால் எந்த வயல் காயும், எந்த வயல் மூழ்கும் என்பதை முன்கூட்டி அளந்து உழவனுக்கு அவன் மொழியில் சொன்னவர் யார் என்று கேட்கிறேன். போராடியவர்களை "விஞ்ஞானம் அறியாதவர்கள்" என்று சிலர் இகழ்ந்தனர். விஞ்ஞானத்தைச் சொல்லாமல் மறைத்துவிட்டு, அறியவில்லை என்று இகழ்வது எந்த நாட்டு நியாயம்?

நாம் வாழும் சிலாங்கூருக்கும் இப்பாடம் புதியதன்று. எங்கள் பக்கத்திலிருந்து சற்றுத் தொலைவில் இருக்கிறது பத்து ஆராங். 1915 முதல் 1960 வரை அங்கே நிலக்கரி வெட்டினர். மலாயாவின் இரயில்களும் மின்சார நிலையங்களும் அக்கரியால் ஓடின. சீனரும் தமிழரும் பிறரும் அங்கே உழைத்தனர். 1937-இல் அவ்வூரில் எழுந்த வேலைநிறுத்தம் அக்கால அரசையே நடுங்கச் செய்தது. சுரங்கம் மூடி அறுபது ஆண்டுகளுக்கு மேலாகியும், பழைய குடைவுகளின்மேல் நிலம் அமிழுமோ என்ற அச்சம் அங்கே வீடு கட்ட நினைப்பவர்க்கு இன்றும் உண்டு. கரி வெட்டிய கம்பெனி போய்விட்டது. கரி எரிந்து சாம்பலாகிவிட்டது. குடைவு மட்டும் இருக்கிறது. இன்று மலேசியாவில் கரியமில வாயுவைப் பிடித்து, எண்ணெயும் வாயுவும் எடுத்து ஓய்ந்த கடலடிப் பாறைகளில் செலுத்தி வைக்கும் திட்டம் எழுந்துள்ளது. 2025-இல் பாராளுமன்றம் அதற்கென ஒரு சட்டமும் இயற்றியது. நோக்கம் நல்லதே. டென்வரின் பாடத்தையும் உடன் படிக்க வேண்டும் என்பதே நம் வேண்டுகோள்.

சாத்திரத்தின்மீது எனக்குக் குறையில்லை. நடுக்கத்துக்குக் காரணத்தைக் காட்டியது சாத்திரம்; தாழ்வை நிறுத்தும் வழியைக் காட்டியதும் அதுவே. குறை எங்கே எனில், அளக்கும் கோல் ஒருவர் கையிலும், அளவின் பயன் வேறொருவர் வீட்டிலும் இருப்பதில்தான். நிலத்தைத் தொடுமுன் அதன் உயரத்தை அளந்து எழுத வேண்டும். எழுதியதை மேலே வாழ்வோர் காணும்படி வெளியிட வேண்டும். கேடு வந்தால் காரணம் தானன்று என்று மெய்ப்பிக்கும் கடமை எடுப்பவனைச் சார வேண்டும். இம்மூன்றும் இல்லாத இடத்தில் "ஆத்தாள் கோபம்" என்பதும் "இயற்கை" என்பதும் ஒரே வேலையைத்தான் செய்யும்.

எங்கள் தோட்டத்தில் வாய்க்காலோரம் ஓர் இரும்புக் கம்பி நட்டிருக்கிறது. அதன் அடி கெட்டிக் களிமண்ணில் ஊன்றியிருப்பதால் நிலம் தாழத் தாழக் கம்பி உயர்வதுபோல் தோன்றும். ஆறு மாதத்துக்கு ஒருமுறை அதை அளந்து பதிவேட்டில் எழுதுவது என் வேலை. எழுதிய ஏட்டை யாரும் கேட்டதில்லை. சென்ற முறை அளக்கச் சென்றபோது அம்மூதாட்டியையும் அழைத்துச் சென்றேன். தரைக்கு மேலிருந்த கம்பியைக் கையால் தொட்டுப் பார்த்தார், வாய்க்காலைப் பார்த்தார், பிறகு தம் வீட்டுப் படிகளைத் திரும்பிப் பார்த்தார். "அப்படியானால் வாய்க்கால் தண்ணியைக் கொஞ்சம் உயர்த்தி வைத்தால் குறையுமா, ஐயா?" என்று கேட்டார். குறையும் என்பதே நிபுணர்களும் சொல்வது. பள்ளிக்கூடம் பாராத அவ்வம்மையார் ஐந்து நிமிடத்தில் அடைந்த முடிவு அது. அவருக்குக் கம்பியைக் காட்ட வேண்டியிருந்தது, அவ்வளவே.